சரியான டிஸ்க், தவறான 400: ஒரு பார்ட்டிஷனைச் சுருக்கிய நிகழ்வு ஆய்வு

டிஸ்க்கைப் பிரிக்கும்போது என்ன தவறு நடக்கும் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: தப்பான டிஸ்க்கில் கை வைத்துவிடுவது. நானும் அதற்குத்தான் பயந்தேன், அதற்கு வேண்டிய காவலெல்லாம் போட்டேன். சரியான டிஸ்க், சரியான வரிசை, சரியான கருவிகள். அப்படியும் ஒரு பார்ட்டிஷன் (டிஸ்க்கில் தனியாகப் பிரித்த பகுதி) திறக்க மறுத்துவிட்டது. காரணம், இரண்டு கமாண்டுகளில் நான் தட்டிய 400 என்ற எண்.

நிலவரம்

கணினியில் இரண்டு டிஸ்க்குகள். லினக்ஸ் இருப்பது எஸ்எஸ்டியில். மற்றது சுழலும் தட்டு வகை ஹார்ட் டிஸ்க், 1 டெராபைட். அதில் ஜிபிடி அட்டவணை (எந்தப் பார்ட்டிஷன் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற பதிவு), ஒரே ஒரு பார்ட்டிஷன், அதற்குள் இஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டம் (கோப்புகளை அடுக்கி வைக்கும் அமைப்பு). படங்கள், வீடியோக்கள், பழைய வேலைக் கோப்புகள் என்று சுமார் 310 ஜிபி நிரம்பியிருந்தது. பார்ட்டிஷனை 400 ஜிபிக்குச் சுருக்கி, மிச்ச இடத்தில் இரண்டாவதாக ஒன்றை உருவாக்க வேண்டும். பேக்கப் இருந்தது, ஆனால் மூன்று மாதம் பழையது. புதிதாக ஒன்று எடுக்கச் சோம்பல். இதை மறைப்பதில் பயனில்லை.

டிஸ்க்கை அடையாளம் காண்பதில் மட்டும் சோம்பல் படவில்லை. எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் கணினி கிளம்பும்போது எந்த டிஸ்க் முதலில் கண்ணில் படுகிறதோ அந்த வரிசையில் கிடைப்பவை. ஒரு பென்டிரைவ் செருகியிருந்தால்கூட அடுத்த முறை மாறலாம். அதனால் டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கமாண்டில் மாடலையும் சீரியல் எண்ணையும் சேர்த்துக் காட்டச் சொல்லி, அந்த எண்ணைத் தாளில் எழுதி வைத்து, ஒவ்வொரு கமாண்டுக்கு முன்பும் ஒப்பிட்டேன். என் டிஸ்க் அன்று எஸ்டிபி.

பார்ட்டிஷன் அட்டவணையின் நகல் ஒன்றையும் எஸ்எஃப்டிஸ்க் கமாண்டால் ஒரு டெக்ஸ்ட் கோப்பில் எடுத்தேன். நல்ல பழக்கம்தான். எங்கே சேமித்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

செய்தது

சுருக்கும்போது முதலில் ஃபைல்சிஸ்டம், அப்புறம் பார்ட்டிஷன். பெரிதாக்கும்போது நேர் எதிர். வயலில் பயிர் நிற்கிற பகுதியைக் காலி செய்துவிட்டுத்தான் வரப்பை உள்ளே தள்ள முடியும். இஎக்ஸ்டி4-ஐ மவுன்ட் நிலையில் (கணினியோடு இணைந்து பயன்பாட்டில் இருக்கும்போது) பெரிதாக்கலாம், சுருக்க முடியாது. ஆக, அன்மவுன்ட் செய்ய வேண்டும். முதல் முயற்சியில் "பயன்பாட்டில் உள்ளது" என்று மறுத்தது. பார்த்தால் என் டெர்மினலே அந்த டிஸ்க்கின் ஒரு ஃபோல்டருக்குள் நின்றுகொண்டிருந்தது. வெளியே வந்தேன், அன்மவுன்ட் ஆனது. அந்த மறுப்பு எனக்கு இன்னொன்றையும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, அல்லது நான் கேட்கவில்லை.

ஃபைல்சிஸ்டத்தில் பிழை தேடும் ஈடூஎஃப்எஸ்சிகே-யின் கட்டாயச் சோதனை முடிந்தது. ஃபைல்சிஸ்டத்தின் அளவை மாற்றும் ரீசைஸ்டூஎஃப்எஸ் கமாண்டுக்கு அளவாக 400ஜி என்று கொடுத்தேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. டிஸ்க்கின் பின்பக்கம் இருந்த பிளாக்குகளை (ஃபைல்சிஸ்டம் இடத்தை எண்ணும் துண்டுகள்) முன்பக்கத்துக்கு நகர்த்துகிற வேலை அது. கடைசியில் "இப்போது நீளம் 10,48,57,600 பிளாக், ஒன்று 4கே" என்று சொல்லி முடித்தது. அந்த எண்ணை நான் பார்த்தேன், படிக்கவில்லை.

அடுத்து பார்ட்டெட், பார்ட்டிஷன் அட்டவணையை மாற்றும் கருவி. முதல் பார்ட்டிஷனின் முடிவை 400ஜிபி-க்கு மாற்றச் சொன்னேன். சுருக்கினால் டேட்டா போகலாம், தொடரலாமா என்று கேட்டது. ஆம் என்றேன். பிறகு 400ஜிபி-யில் தொடங்கி டிஸ்க்கின் கடைசிவரை இரண்டாவது பார்ட்டிஷன். எந்தப் பிழையும் வரவில்லை. பட்டியல் கச்சிதமாக இருந்தது.

அடுத்த வேலை இரண்டாவதை எம்கேஎஃப்எஸ் கமாண்டால் ஃபார்மட் செய்வது. அதற்கு என்ன லேபிள் வைப்பது என்று முன்பே முடிவு செய்து ஒரு குறிப்புக் கோப்பில் எழுதியிருந்தேன். கோப்பு இருந்தது முதல் பார்ட்டிஷனில். அதைப் பார்க்கலாம் என்று மவுன்ட் செய்தேன். மவுன்ட் ஆகவில்லை.

என்னைக் காப்பாற்றியது முன்யோசனை அல்ல. ஒரு லேபிள் பெயர் மறந்துபோனதுதான்.

கண்டறிந்தது

மவுன்ட் கமாண்ட் காட்டியது வழக்கமான பொதுப் பிழை: ஃபைல்சிஸ்டம் வகை தவறாக இருக்கலாம், சூப்பர்பிளாக் (ஃபைல்சிஸ்டம் தன் அளவு முதலான விவரங்களை எழுதி வைக்கும் இடம்) கெட்டிருக்கலாம், இன்ன பிற. அதிலிருந்து ஒன்றும் தெரியாது. லினக்ஸின் மையமான கெர்னலின் செய்திப் பதிவைத் திறந்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஃபைல்சிஸ்டத்தின் பிளாக் எண்ணிக்கை 10,48,57,600, அது டிவைஸின், அதாவது பார்ட்டிஷனின், அளவைவிட அதிகம் என்றிருந்தது. டிவைஸின் அளவாக அது காட்டியது சுமார் 9.77 கோடி பிளாக்.

இந்த இடத்தில் பலர் செய்வது ஃபைல்சிஸ்டத்தை "சரிசெய்ய" முயல்வது. நானும் ஈடூஎஃப்எஸ்சிகே-யை ஓடவிட்டேன். அது நன்றாகவே எச்சரித்தது: சூப்பர்பிளாக்கோ பார்ட்டிஷன் அட்டவணையோ கெட்டிருக்க வாய்ப்பு அதிகம், நிறுத்தட்டுமா? இதற்குச் சொல்ல வேண்டிய பதில் ஆம். இல்லை என்று சொன்னால், கண்ணுக்குத் தெரியாத பின்பகுதியை இல்லாததாக எடுத்துக்கொண்டு பழுதுபார்க்கத் தொடங்கும். அதன் பிறகு மீட்பது வேறு கதை. நிறுத்தினேன். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து கணக்குப் போட்டேன்.

10,48,57,600 பிளாக்கை 4,096 பைட்டால் பெருக்கினால் 42,949,67,29,600 பைட். அதாவது 42,950 கோடி பைட்டுக்குக் கொஞ்சம் குறைவு. பார்ட்டிஷனின் முடிவோ 40,000 கோடி பைட்டில். இடையில் சுமார் 2,950 கோடி பைட், அதாவது 29.5 ஜிபி, வெளியே தொங்கிக்கொண்டிருக்கிறது.

ரீசைஸ்டூஎஃப்எஸ்-க்கு ஜி என்றால் 1024-ஐ மூன்று முறை பெருக்கிய அளவு, 107,37,41,824 பைட். பார்ட்டெட்டுக்கு ஜிபி என்றால் சுத்தமாக 100 கோடி பைட். டிஸ்க் தயாரிப்பவர்கள் பெட்டியில் போடுவதும் இந்த ஆயிரத்துக் கணக்குதான். 1 டெராபைட் டிஸ்க்கை எல்எஸ்பிஎல்கே 931.5ஜி என்று காட்டுவது இதனால்தான். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவென்றே 1998-ல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1024 கணக்குக்குத் தனிப் பெயர்களை வகுத்தது. ஜிபி என்ற இரண்டு எழுத்துக்கு நடுவில் ஒரு சின்ன ஐ சேர்த்தால் 1024 கணக்கு. பார்ட்டெட் அதை மதிக்கிறது. நான்தான் அந்த ஐயைப் போடவில்லை.

இந்த வித்தியாசம் எனக்கு முன்பே தெரியும். சொல்லப்போனால் மற்றவர்களுக்கு விளக்கியும் இருக்கிறேன். ஆனால் அது எனக்கு "பெட்டியில் போட்டதைவிடக் கணினி ஏன் குறைவாகக் காட்டுகிறது" என்ற கேள்விக்கான பதிலாக மட்டுமே மனதில் இருந்தது. ஒரே வேலையின் இரண்டு படிகளில் இரண்டு கருவிகள் இரண்டு அளவுகோலை எடுத்து நீட்டும் என்று அதைப் பொருத்திப் பார்க்கவில்லை. கிலோவில் இந்த இடைவெளி 2.4 சதவீதம், ஜிபி அளவில் 7.4, டெராபைட்டில் ஏறத்தாழ 10. டிஸ்க் பெரிதாக ஆக, பள்ளமும் பெரிதாகிறது.

பார்ட்டெட்டின் எச்சரிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது பொய் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் சரியான எண்ணைக் கொடுத்தாலும் அதே கேள்வி, தவறான எண்ணைக் கொடுத்தாலும் அதே கேள்வி. ஃபைல்சிஸ்டத்தின் அளவை எட்டிப் பார்த்து, "உள்ளே இருப்பது இதைவிடப் பெரிது" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் என் கை நின்றிருக்கும். எப்போதும் குரைக்கிற நாயை யாரும் எழுந்து பார்ப்பதில்லை.

எழுதாமல் சோதித்தது

அனுமானம் கிடைத்துவிட்டது. ஆனால் அனுமானத்தை நம்பி அட்டவணையை மறுபடி மாற்ற மனம் வரவில்லை. அப்போதுதான் எடுத்து வைத்த நகல் நினைவுக்கு வந்தது. தேடினேன். டெர்மினல் அந்த டிஸ்க்குக்குள் நின்றிருந்தது என்று சொன்னேன் அல்லவா? நகலும் அங்கேயேதான் விழுந்திருந்தது. வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய கதை.

நல்லவேளையாக, தொடக்கத்தில் பார்ட்டெட் காட்டிய பட்டியல் டெர்மினலில் மேலே சுருட்டினால் கிடைத்தது. தொடக்கம் செக்டர் 2,048 (செக்டர் என்பது டிஸ்க்கின் இடத்தை எண்ணும் அலகு, இங்கே 512 பைட்). தேவையானது அது ஒன்றுதான். பார்ட்டிஷனின் முடிவை எத்தனை முறை தவறாக மாற்றினாலும், தொடக்கம் தெரிந்தால் ஃபைல்சிஸ்டத்தின் சூப்பர்பிளாக் கிடைத்துவிடும். அதன் உண்மையான நீளத்தை சூப்பர்பிளாக்கே சொல்லிவிடும்.

இப்போதைய தவறான அட்டவணையையும் ஒரு நகல் எடுத்தேன், இம்முறை பென்டிரைவில். பிறகு லோசெட்டப். முழு டிஸ்க்கையும் படிக்க மட்டும் அனுமதித்து ஒரு லூப் டிவைஸாக இணைத்து, தொடக்கத் தள்ளல் 10,48,576 பைட் (2,048 செக்டர் பெருக்கல் 512), நீள வரம்பு 42,949,67,29,600 பைட் என்று கொடுத்தேன். அட்டவணை என்ன சொன்னாலும் பொருட்படுத்தாமல், டிஸ்க்கின் அந்தத் துண்டை மட்டும் ஒரு பார்ட்டிஷன் போலக் காட்டும் வழி இது. அதன் மேல் ஈடூஎஃப்எஸ்சிகே, எதையும் எழுதாத முறையில். ஐந்து கட்டமும் ஓடி, ஒரு பிழையும் இல்லாமல் முடிந்தது. படிக்க மட்டும் மவுன்ட் செய்தேன். கோப்புகள் எல்லாம் இருந்தன. லேபிள் குறிப்பும்.

மூன்று மாத இடைவெளியில் சேர்ந்த கோப்புகளை அப்போதே வேறு இடத்துக்கு நகலெடுத்தேன். சோம்பல் அதற்குள் போயிருந்தது.

ஜிபிடி அட்டவணையில் ஒரு பார்ட்டிஷனுக்கான பதிவு 128 பைட். அதில் வகை அடையாளம் 16, தனி அடையாளம் 16, தொடக்க செக்டர் 8, முடிவு செக்டர் 8, மிச்சம் பண்புகளும் பெயரும். என் தவறு அந்த முடிவு செக்டரின் 8 பைட்டில் மட்டும் இருந்தது. அதோடு செக்சம்கள் (பிழை கண்டறிய உதவும் சரிபார்ப்பு எண்கள்), டிஸ்க்கின் வால்பகுதியில் இருக்கும் அட்டவணைப் பிரதி, நான் சேர்த்த இரண்டாவது பதிவு. கோப்புகள் இருக்கும் இடத்தில் ஒரு பைட்டும் மாறவில்லை. வரப்பு தப்பான இடத்தில் விழுந்தது, ஆனால் ஏர் ஓட்டவில்லை.

சரிசெய்தது

லூப் டிவைஸை அவிழ்த்துவிட்டு பார்ட்டெட்டில் அலகை செக்டருக்கு மாற்றினேன். இரண்டாவது பார்ட்டிஷனை நீக்கினேன். முதலாவதன் முடிவைக் கணக்கிட்டேன்: 400 ஜி என்பது 83,88,60,800 செக்டர். தொடக்கம் 2,048. இரண்டையும் கூட்டி ஒன்றைக் கழித்தால் 83,88,62,847. பார்ட்டெட் கேட்பது அளவை அல்ல, முடிகிற இடத்தை. இதுவும் பலரும் தடுக்கி விழும் படிக்கட்டு. தொடக்கம் டிஸ்க்கின் நடுவில் இருக்கும் பார்ட்டிஷனுக்கு அளவைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த எண்ணைக் கொடுத்ததும் மவுன்ட் ஆனது. சந்தேகத்துக்கு ரீசைஸ்டூஎஃப்எஸ்-ஐ அளவே கொடுக்காமல் ஓடவிட்டேன். அப்படிச் செய்தால் பார்ட்டிஷனின் முழு இடத்துக்கும் ஃபைல்சிஸ்டத்தை நீட்டப் பார்க்கும். ஏற்கெனவே 10,48,57,600 பிளாக் இருக்கிறது, செய்ய ஒன்றுமில்லை என்றது. அன்று படித்ததில் மிக இனிமையான வரி.

இரண்டாவது பார்ட்டிஷனை 83,88,62,848-ல் தொடங்கினேன். 2,048-ஆல் மீதியின்றி வகுபடும் எண், ஆக, 1024 கணக்கில், 1 எம்பி எல்லைக்கு ஒழுங்காகப் பொருந்துகிறது.

எம்கேஎஃப்எஸ் ஓடியிருந்தால்?

இந்தக் கேள்வி இரண்டு நாள் விடவில்லை. ட்ரன்கேட் கமாண்டால் 1 டெராபைட் அளவு காட்டும், ஆனால் உண்மையில் இடம் பிடிக்காத வெற்றுக் கோப்பு ஒன்றை உருவாக்கி, அதை லோசெட்டப்பால் போலி டிஸ்க்காக்கி, என் தவறை அடி பிசகாமல் திரும்பச் செய்தேன். பின்பகுதி நிரம்பும் அளவுக்கு மாதிரிக் கோப்புகள் போட்டேன். இம்முறை நிறுத்தாமல் இரண்டாவதை ஃபார்மட் செய்தேன். பிறகு முதல் பார்ட்டிஷனின் எல்லையைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து சோதித்தேன்.

முதல் சுற்றில் பின்பகுதி முழுவதும் பூஜ்யம். சில கோப்புகளுக்குப் பெயர் இருந்தது, அளவும் சரியாக இருந்தது, திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. இன்னும் சிலவற்றுக்குப் பெயரே போய்விட்டது. காரணம், எம்கேஎஃப்எஸ் வழக்கமாகவே, டிவைஸ் அனுமதித்தால், முழுப் பார்ட்டிஷனையும் "இந்த இடம் வேண்டாம்" என்று முதலில் கைவிடச் சொல்கிறது. லூப் டிவைஸ் அதை அனுமதிக்கும். எஸ்எஸ்டிகளும் அப்படித்தான்.

இரண்டாம் சுற்றில் அந்தக் கைவிடலைத் தடுக்கும் விருப்பத்தோடு ஃபார்மட் செய்தேன். இது என் சுழலும் டிஸ்க்குக்கு நெருக்கமான நிலை. பெரும்பாலான கோப்புகள் பிழைத்தன. புதிய ஃபைல்சிஸ்டம் தன் சூப்பர்பிளாக்கையும் அதன் பிரதிகளையும் மற்ற நிர்வாகத் தகவல்களையும் எழுதிய இடங்களில் இருந்தவை மட்டும் கெட்டன. ஆக, அன்று எம்கேஎஃப்எஸ் ஓடியிருந்தாலும் பெரும்பகுதி தப்பியிருக்கும். அதே வேலையை எஸ்எஸ்டியில் செய்திருந்தால், பின்பகுதியில் இருந்தவற்றுக்கு மூன்று மாதப் பழைய பேக்கப்தான் கதி.

மாற்றிக்கொண்டவை

இனி சுருக்கும்போது இரண்டு கருவிகளுக்கும் ஒரே எண்ணைக் கொடுப்பதில்லை. 400 வேண்டுமென்றால் ஃபைல்சிஸ்டத்தை முதலில் 360-க்குச் சுருக்குகிறேன், பார்ட்டிஷனை 400-க்குக் கொண்டுவருகிறேன், கடைசியில் அளவு சொல்லாமல் ரீசைஸ்டூஎஃப்எஸ்-ஐ ஓட்டி நிரப்பச் சொல்கிறேன். நடுவில் எந்த ஜிபி எந்தக் கணக்கில் இருந்தாலும் இந்த இடைவெளி அதை விழுங்கிவிடும். டேட்டா 310 என்பதால் 360-க்கு இடமிருந்தது. நெருக்கிப் பிடித்து நிரம்பிய டிஸ்க்கில் இது நடக்காது, அங்கே செக்டர் கணக்குதான் வழி. ரீசைஸ்டூஎஃப்எஸ்-ம் எண்ணுக்குப் பின்னால் எஸ் என்ற எழுத்தைப் போட்டால் 512 பைட் செக்டராக எடுத்துக்கொள்கிறது. ஆனால் 4,096 பைட் செக்டர் உள்ள டிஸ்க்கில் பார்ட்டெட்டின் எஸ் அந்த 4,096-ஐக் குறிக்கும். எட்டு மடங்கு வித்தியாசம். செக்டர் என்ன அளவு என்று பார்ட்டெட்டின் பட்டியலின் தலைப்பிலேயே இருக்கும், பார்த்துவிடுங்கள்.

பார்ட்டெட்டுக்குப் பதிலாக எஃப்டிஸ்க் பயன்படுத்தியிருந்தால் இது நடந்திருக்குமா என்று கேட்டார்கள். அதில் வெறும் ஜி என்றால் 1024 கணக்கு, எனவே இந்தக் குறிப்பிட்ட குழி தப்பியிருக்கும். மாற்றங்களை நினைவில் வைத்துக்கொண்டு டபிள்யூ தட்டும்வரை டிஸ்க்கில் எழுதாது என்பதும் பெரிய நிம்மதி. பார்ட்டெட் ஒவ்வொரு வரியையும் உடனுக்குடன் எழுதிவிடும். ஆனால் எஃப்டிஸ்க்கில் சுருக்க, பார்ட்டிஷனை நீக்கி அதே தொடக்கத்தில் மறுபடி உருவாக்குவதுதான் வழக்கம். அங்கே "பழைய இஎக்ஸ்டி4 அடையாளம் இருக்கிறது, நீக்கட்டுமா" என்று கேட்கும்போது அவசரத்தில் ஆம் சொல்பவர்கள் உண்டு. பார்ட்டிஷனின் தனி அடையாளமும் மாறிவிடும். கணினி கிளம்பும்போது எதை மவுன்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் அதை நம்பி எழுதியிருந்தால் அடுத்த பூட்டில் தெரியும். ஜன்னல் திறந்து இழுத்து விடும் ஜிபார்ட்டெட் இரண்டு படிகளையும் தானே ஒருங்கிணைக்கும் என்பதும் உண்மைதான். திரை இருக்கும் கணினிக்கு அதையே சொல்வேன்.

அட்டவணை நகலைப் பென்டிரைவில் சேமித்து, அதை இன்னொரு கணினியில் திறந்து பார்த்த பிறகுதான் அன்மவுன்ட். பழைய பார்ட்டிஷனை மவுன்ட் செய்து, கடைசியாகச் சேர்த்த கோப்பு ஒன்றைத் திறந்து பார்க்கும்வரை எம்கேஎஃப்எஸ் என்று தட்டுவதில்லை. லேபிள் குறிப்பை மட்டும் இன்னும் அதே டிஸ்க்கில்தான் வைத்திருக்கிறேன், வேண்டுமென்றே.